கதவில் என் பெயர், உள்ளே பழுதான பம்ப்

இன்று காலை ஆய்வகத்தில் புதிய சவ்வுப் பொட்டலம் ஒன்றைக் கத்தரித்தேன். ஊதி அணைத்த தீக்குச்சியின் நெடி குப்பென்று வந்தது. கடல் நீரைக் குடிநீராக்கும் அந்த மெல்லிய தாள் கெட்டுப்போகாமல் இருக்க ஒரு திரவத்தை ஊற்றி வைப்பார்கள், அதன் வாசனை. இருபது வருடமாக மோந்து பழகியதுதான். ஆனாலும் கத்தரிக்கோலைக் கீழே வைத்துவிட்டு உட்கார்ந்துவிட்டேன். உன் துப்பட்டாவில் எப்போதும் இந்த நெடி இருக்கும். ஜும்ஆவுக்கும் இதோடுதான் வருவாய். பக்கத்து வரிசை ஆன்ட்டிகள் மூக்கைச் சுளித்துக்கொண்டு, யாரோ எதையோ கொளுத்திவிட்டார்கள் என்று சுற்றுமுற்றும் பார்ப்பார்கள். நீ எதுவும் தெரியாதவள் மாதிரி நிற்பாய்.

நீ மவுத்தாகிப் பதினான்கு மாதம் ஆகிறது. நம்மில் போனவர்களுக்கு யாசீன் ஓதுவார்கள், துஆ கேட்பார்கள், அவர்கள் பேரில் நாலு பேருக்குச் சோறு போடுவார்கள். கடிதம் எழுதுகிற வழக்கம் இல்லை. எனக்கு வேறு வழி தெரியவில்லை. உன் கடைசி வாரங்களில் என்னிடம் ஒன்று கேட்டாய், நான் சரி என்றேன். அந்தச் சரி பொய். சொல்லும்போதே அது பொய் என்று எனக்குத் தெரியும். அதைச் சொல்லத்தான் உட்கார்ந்தேன். மற்றதெல்லாம் அதைச் சுற்றி வருவதுதான்.

நாம் நெருங்கியது ஒரு மேடைப் பேச்சால். ஹூஸ்டனில் நம் சங்கத்தின் ஆண்டு விருந்து. முஸ்லிம் உலகில் அறிவியல் ஏன் பின்தங்கிவிட்டது என்று என்னைப் பேசச் சொல்லியிருந்தார்கள். நான் இங்கே ஒரு பல்கலைக்கழகத்தில் பேராசிரியை. நீ ஹூஸ்டனை ஒட்டிய கேட்டியில் ஒரு தண்ணீர் சுத்திகரிப்புக் கம்பெனியில் என்ஜினியர். ஒரே சவ்வுதான் இரண்டு பேருக்கும் சோறு போட்டது. ஆனாலும் அதுவரை ஸலாம் சொல்வதோடு சரி. உனக்கு அதிராம்பட்டினம், எனக்கு மேலப்பாளையம். அந்தத் தூரத்தை டெக்சாஸிலும் விடாமல் வைத்திருந்தோம்.

நான் நன்றாகத்தான் பேசினேன். ஆயிரம் வருடத்துக்கு முன் நம்மவர்கள் கட்டிய மருத்துவமனைகள், வானத்தை அளந்த கருவிகள், கண்ணாடிக் குடுவைகள். பிறகு ஒரு பெருமூச்சு. பிறகு, இன்று நாம் செய்ய வேண்டியவை என்று சில அம்சங்கள். முன்வரிசையில் ஒரு அங்கிள் கண்ணைத் துடைத்துக்கொண்டார். பிரியாணி வரிசையில் நீ தட்டோடு என் பின்னால் வந்து நின்றாய்.

"நல்லா பேசினே. ஒண்ணே ஒண்ணு கேக்கறேன். நீ சொன்ன அந்த லேப்ல எல்லாம் பாத்திரம் யார் கழுவுறா?"

கிண்டல் என்று நினைத்துச் சிரித்தேன். நீ சிரிக்கவில்லை. கம்பெனி வேலையாக மூன்று நாடுகளுக்குப் போய் வந்திருந்தாய். மூன்றும் நம் நாடுகள்தான் என்று உரிமையோடு சொன்னாய். எல்லா இடத்திலும் மார்பிள் தரை, எல்லா இடத்திலும் விலை உயர்ந்த மெஷின், கெட்டிக்காரப் பேராசிரியர்கள், அவர்களைவிடக் கெட்டிக்கார மாணவிகள். ஆனால் குடுவை கழுவ, திருகாணி முடுக்க, மெஷின் கெட்டால் பிரித்துப் பார்க்க ஆள் இல்லை. அந்த வேலைக்குப் பதவியே இல்லை. எங்கே போனாலும் ஒரு மூலையில் ஒரு மெஷினுக்கு முக்காடு போட்டு உட்கார வைத்திருக்கிறார்கள் என்றாய். அப்போதுதான் நீயும் சிரித்தாய்.

மார்க்கம்தான் அறிவியலுக்குத் தடை என்று சொல்கிற கூட்டத்தை உனக்குப் பிடிக்காது. எல்லாம் ஏற்கெனவே மார்க்கத்தில் இருக்கிறது, வெள்ளைக்காரன் இப்போதுதான் கண்டுபிடிக்கிறான் என்று வாட்ஸ்அப்பில் அனுப்புகிற கூட்டத்தை அதைவிடப் பிடிக்காது. இரண்டு கூட்டமும் ஆய்வகத்துக்குள் காலை வைத்ததில்லை என்பாய். நான் மூன்றாவது கூட்டம்: ஆய்வகத்துக்குள் இருந்துகொண்டே மேடையில் பெருமூச்சு விடுகிற கூட்டம். என்னை மட்டும் ஏனோ பொறுத்துக்கொண்டாய்.

அதற்கு இரண்டு வருடம் கழித்து வளைகுடாவில் ஒரு பல்கலைக்கழகம் உன்னைக் கூப்பிட்டது. பெண்கள் வளாகத்தில் சவ்வு ஆய்வகம் ஒன்றை நீ நடத்த வேண்டும். சரி என்றுவிட்டாய். நம் ஊர்களில் பிழைப்புக்காகச் சபர் போவது ஆம்பிளைகள். வாப்பா சபர் போவார், காக்கா சபர் போவார், மாப்பிள்ளை கல்யாணமான நாற்பதாம் நாள் சபர் போவார். பெண்கள் இருந்த இடத்தில் இருந்து போன் பேசுவார்கள். நீயோ புருஷனை கேட்டியில் விட்டுவிட்டு, ஐம்பதாவது வயதில், அமெரிக்காவிலிருந்து வளைகுடாவுக்குச் சபர் கிளம்பினாய். பள்ளிவாசல் ஆன்ட்டிகளுக்கு ஒரு மாதம் வேறு பேச்சில்லை. உன் வீட்டுக்காரர் ஜமால் காக்காவிடம் ஒருவர் போய், வீட்டில் ஏதும் பிரச்சினையா என்றே கேட்டுவிட்டார். காக்கா, "ஆமா, பால் வாங்க நான்தான் போகணும்," என்றாராம்.

ஏர்போர்ட்டுக்கு உன்னை நான்தான் கூட்டிப்போனேன். ஐ-டென் நெடுஞ்சாலையில் நெரிசல். ஏன் போகிறாய் என்று வழியெல்லாம் கேட்டேன். இங்கே நான் செய்வதை இன்னொருத்தி நாளைக்கே செய்துவிடுவாள், அங்கே நான் ஒரு வருடம் உட்கார்ந்தால் ஒரு மெஷினாவது ஓடும் என்றாய். அவ்வளவுதான் உன் லட்சியம். நான் மேடையில் உம்மத்தை, நம் சமுதாயம் முழுவதையும் தூக்கி நிறுத்தப் பார்த்தேன், நீ ஒரு மெஷினை ஓட வைக்கப் பார்த்தாய்.

இனி என் கதை. நீ போன மறுவருடம் அதே பல்கலைக்கழகத்திலிருந்து எனக்கும் ஒரு மெயில் வந்தது. 'சிறப்புப் பேராசிரியர்' என்று ஒரு பதவி. அங்கே குடியேற வேண்டாம், வருடத்துக்கு இரண்டு வாரம் போனால் போதும், அதுவும் முடியாவிட்டால் ஆன்லைனில் பேசினால் போதும். நான் வெளியிடும் கட்டுரைகளில் என் பெயருக்குக் கீழே இங்கத்திய முகவரியோடு அவர்கள் முகவரியையும் போட வேண்டும். வேலை என்றால் அதுதான். முகவரி கூடக் கூட உலகப் பல்கலைக்கழகங்களின் தரப் பட்டியலில் அவர்கள் இடம் ஏறும். என்னைப் போல எத்தனையோ பேர் எத்தனையோ நாட்டிலிருந்து கையெழுத்துப் போட்டிருந்தார்கள். நானும் போட்டேன். அதற்கு ஒரு சம்பளமும் உண்டு. மகள் காலேஜில் இருந்தாள், வேண்டாம் என்று சொல்ல நான் ஆசையைத் துறந்த வலியுல்லா இல்லை. ஆனால் காசுக்காக மட்டும் என்று சொன்னால் அதுவும் முழு உண்மை ஆகாது. முஸ்லிம் உலகின் அறிவியலுக்கு நானும் தோள் கொடுக்கிறேன் என்று நினைத்துக்கொண்டேன். உண்மையாகவே நினைத்தேன். கேட்டி வீட்டுச் சமையலறையில் உட்கார்ந்தபடி தோள் கொடுத்தேன்.

மகளிடம் பெருமையாகச் சொன்னபோது அவள் போனிலிருந்து தலையைத் தூக்காமல், "சோ யூ ஆர் லைக் எ கோஸ்ட் தேர்?" என்றாள். அவளுக்கு ஒன்றும் புரியவில்லை என்று அவள் அப்பாவிடம் குறைப்பட்டேன்.

உன்னிடம் மட்டும் சொல்லவில்லை. சொல்லாதபோதே எனக்குப் புரிந்திருக்க வேண்டும். அந்த செமஸ்டரின் முதல் நாள் நீ ஒரு போட்டோ அனுப்பினாய். உன் அறைக்குப் பக்கத்து அறையின் கதவு. அதில் என் பெயர், பித்தளை எழுத்தில். ஒரு மணி நேரம் கழித்துப் போன் செய்தாய்.

"யாருடி இந்தம்மா? எனக்குப் பக்கத்து ரூமாம். ஸலாம் சொல்லலாம்னு தட்டிக்கிட்டே இருக்கேன், திறக்கவே மாட்டேங்குறா."

நான் ஏதேதோ சொன்னேன். எல்லாரும் செய்கிறார்கள் என்றேன், இதனால் அவர்களுக்கும் நல்லது என்றேன், உன் டிபார்ட்மென்ட்டின் மதிப்பு உயர்ந்தால் உனக்குத்தானே நிதி வரும் என்றேன். நீ கோபப்பட்டிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும். ஒரு பெருமூச்சு விட்டாய், இப்போது உன் முறை. பிறகு சொன்னாய்: "பேரை எடுக்கச் சொல்லல. பேருக்குப் பின்னாடி ஆளா வா. ஒரு செமஸ்டர் வந்து உக்காரு, போதும்." வருகிறேன் என்றேன். மகள் பட்டம் வாங்கட்டும், இந்த ஆராய்ச்சி நிதி முடியட்டும், கோடை போகட்டும் என்று ஒவ்வொன்றாக நடுவில் வைத்தேன்.

என் அறை பூட்டியே கிடந்தது. நாலு மாதம் பொறுத்துப் பார்த்துவிட்டு நீ சாவி வாங்கி, பழுதான பம்ப் ஒன்றையும் காலி அட்டைப்பெட்டிகளையும் அங்கே கொண்டுபோய் வைத்தாய். பேராசிரியை நலமாக இருக்கிறார், இன்று கொஞ்சம் எண்ணெய் ஒழுகுகிறார் என்று அவ்வப்போது செய்தி வரும். நான் சிரிக்கிற பொம்மையைப் பதிலுக்கு அனுப்புவேன்.

ஒரே ஒரு முறை வந்தேன், ஞாபகம் இருக்கிறதா? இரண்டு வாரம். பத்து நாள் விருந்துகளிலும் வரவேற்புகளிலும் போனது. ஆய்வகத்தில் உருப்படியாகச் செய்தது, பெட்டியில் நான் கொண்டு வந்திருந்த ரப்பர் வளையங்களை உன்னிடம் கொடுத்தது மட்டும்தான். உன் அழுத்தக் கருவியின் இரண்டு மூடிகளுக்கு நடுவே வைக்கிற சாதாரண வளையம். ஒன்று கிழிந்தால் தண்ணீர் பீறிடும், வேலை நின்றுவிடும். இங்கே ஒரு கடையில் அதைக் காய்கறி மாதிரி பொறுக்கிக்கொண்டு வரலாம். அங்கே கோடிக்கணக்கில் மெஷின் வாங்கப் படிவம் இருந்தது, ரப்பர் வளையம் வாங்கப் படிவம் இல்லை. நாலு மாதம் கருவி நின்றிருந்தது. நான் பொட்டலத்தைப் பிரித்ததும் ஒரு சின்னப் பெண் ஓடி வந்து ஒன்றை எடுத்து விரலில் மாட்டிப் பார்த்து, மோதிரம் என்றாள். அவள்தான் ஹனான்.

சூடானிலிருந்து வந்தவள், உன் ஆராய்ச்சி மாணவி. உன்னோடு அவள் பேசுவது ஆங்கிலத்தில், கருவியோடு பேசுவது அரபியில். வளையத்தை மாட்டி, திருகாணி முடுக்கி, பம்பை ஓட விட்டு, மறுமுனையில் சொட்டுச் சொட்டாக வந்த தண்ணீரை ஒரு கப்பில் பிடித்து முதலில் உனக்குக் குடிக்கக் கொடுத்தாள். குடுவைகளை அவளே கழுவுவாள். யாரும் சொல்லாமலே மெஷினைப் பிரித்து மாட்டக் கற்றுக்கொண்டிருந்தாள். இவளைப் போல ஒவ்வொரு ஆய்வகத்துக்கும் ஒருத்தி இருந்தால் போதும், நீ விருந்தில் பேசிய பேச்சே தேவைப்படாது என்று என்னிடம் சொன்னாய். அந்த இரண்டு வாரத்தில் உன் முகத்தில் சந்தோஷத்தைப் பார்த்தது அந்த ஒரு நாள்தான்.

மற்ற நாட்களில் சோர்ந்திருந்தாய், இளைத்தும் போயிருந்தாய். வேலையால் என்று நினைத்தேன். டெக்னீஷியன் பதவி ஒன்று கேட்டு எழுதிய கடிதங்களை ஒரு கோப்பில் போட்டு வைத்திருந்தாய். ஒவ்வொன்றுக்கும் மரியாதையான பதில் வந்திருந்தது. அந்த வருடம் பல்கலைக்கழகம் உலகப் பட்டியலில் ஏறியதற்காக வளாகம் முழுக்க விளக்குப் போட்டிருந்தார்கள். அந்த ஏற்றத்தில் உன் கருவிக்குப் பங்கில்லை, அது பாதி நாள் ஓடவே இல்லை. என் பெயருக்குப் பங்கு இருந்தது. நாம் இருவரும் அந்த விளக்குகளுக்குக் கீழே நடந்து போனோம்.

நாலாவது வருடம் காய்ச்சல் விடவில்லை என்று பரிசோதித்தார்கள். ஆறு வாரத்தில் கேட்டிக்கு வந்துவிட்டாய். ரத்தத்தில் புற்று, தாமதமாகத்தான் தெரிந்தது. வரவேற்பறையில் சோபாவை ஓரமாகத் தள்ளிவிட்டு ஒரு மருத்துவமனைக் கட்டில் போட்டார்கள்.

அதே சமயம் இங்கே என் பல்கலைக்கழகத்திலிருந்து ஒரு படிவம் வந்தது. வெளிநாட்டில் ஏதேனும் பொறுப்பு, பதவி, தொடர்பு இருந்தால் எல்லாவற்றையும் தெரிவிக்க வேண்டும். நான் முன்பு எதையும் சரியாகத் தெரிவித்திருக்கவில்லை. பயந்துவிட்டேன். யாரையும் கேட்காமல் வளைகுடாவுக்கு இரண்டு வரி மெயில் எழுதினேன்: சொந்தக் காரணங்களால் பொறுப்பிலிருந்து விலகுகிறேன், பேராசிரியர் பட்டியலிலிருந்து என் பெயரை நீக்கிவிடுங்கள். அங்கே ரப்பர் வளையத்துக்கு நாலு மாதம் ஆகும். என் பெயரை நீக்க ஒரே நாள்தான் ஆனது. எனக்கு நிம்மதியாக இருந்தது, அதையும் ஒளிக்காமல் எழுதிவிடுகிறேன்.

அதற்குப் பதினொன்றாம் நாள் மதியம் கஞ்சி எடுத்துக்கொண்டு உன் வீட்டுக்கு வந்தேன். தலையணையில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாய். கஞ்சியைத் தொடவில்லை. என் கையைப் பிடித்துக்கொண்டு ஹனானைப் பற்றிப் பேசினாய். வேலை முக்கால்வாசி முடிந்துவிட்டது, ஒரு வருடம் இருந்தால் முடித்துவிடுவாள். நீ விடுப்பில் இருப்பதால் வழிகாட்டி இல்லை. டிபார்ட்மென்ட் பட்டியலில் இருக்கிற ஒரு பேராசிரியர் கையெழுத்துப் போட்டால் போதும், தொடரலாம். இல்லாவிட்டால் வேறு ஒருவரிடம் தள்ளிவிடுவார்கள், அவர் வேறு தலைப்புக் கொடுப்பார், எல்லாம் முதலிலிருந்து.

"உன் பேரை வச்சு அவங்க இத்தனை நாள் ரேங்க் வாங்கினாங்க. இப்ப நாம ஒரு கையெழுத்து வாங்கிக்குவோம். அந்தப் பிள்ளைய முடிச்சு விட்டுடு," என்றாய்.

என் பெயர் இருந்த காலம் முழுக்க ஆள் இல்லை. ஆள் தேவைப்பட்ட ஒரே நாளில் பெயர் இல்லை. சொல்லியிருக்கலாம். விலகிவிட்டேன், மன்னித்துவிடு, வேறு வழி பார்ப்போம் என்று சொல்லியிருக்கலாம். உனக்கு அப்போதும் பழக்கமானவர்கள் அங்கே நாலு பேர் இருந்தார்கள், படுத்தபடியே போன் போட்டு ஏதாவது செய்திருப்பாய். நான் உன் முகத்தைப் பார்த்தேன், பயமாக இருந்தது.

"சரி. நான் பாத்துக்கறேன்," என்றேன்.

நீ கொஞ்ச நேரம் என்னையே பார்த்துக்கொண்டிருந்தாய். பிறகு தலையை ஆட்டிவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டாய். நிம்மதியாகிவிட்டாய் என்று எடுத்துக்கொண்டேன். மூன்று வாரத்தில் உன்னை அடக்கம் செய்தோம்.

அதன்பின் நான் ஒன்றுமே செய்யவில்லை என்று சொல்ல முடியாது. செய்தது மாதிரி நிறையச் செய்தேன். ஹனானுக்கு நான் வழிகாட்டியாக இருக்கிறேன் என்று அவர்களுக்கு மெயில் எழுதினேன், பரிசீலனையில் இருக்கிறது என்று பதில் வந்தது. மறுபடி எழுதினேன், மறுபடி வந்தது. பதில் வராத மாதங்களில் உள்ளுக்குள் ஒரு சின்ன விடுதலை. ஹனானை நீ சொன்னது போலவே ஒருவரிடம் தள்ளினார்கள். அவர் கம்ப்யூட்டரில் செய்கிற ஆராய்ச்சி செய்யச் சொன்னார், அதில்தான் சீக்கிரம் கட்டுரை வரும் என்றாராம். அவள் கல்வி விடுப்பு எழுதிக் கொடுத்துவிட்டு, அதே ஊரில் ஒரு தனியார் பள்ளியில் சின்னப் பிள்ளைகளுக்கு அறிவியல் சொல்லிக்கொடுக்கப் போய்விட்டாள். பெருநாளுக்கு வாழ்த்து அனுப்பியபோது இதை எழுதியிருந்தாள். குறை சொல்லவில்லை. உன் கப்ருக்கு யாராவது போகிறார்களா என்று மட்டும் கேட்டிருந்தாள்.

முஸ்லிம் உலகில் அறிவியல் ஏன் இப்படி இருக்கிறது என்று இந்த வருடமும் விருந்துக்குப் பேசக் கூப்பிட்டார்கள். உடம்பு சரியில்லை என்றேன். முன்பெல்லாம் காரணம் கேட்டால் ஆட்சியாளர்களைச் சொல்வேன், பாடத்திட்டத்தைச் சொல்வேன், காலனி ஆட்சியைச் சொல்வேன். எல்லாம் சரியாகவும் இருக்கலாம். ஆனால் அந்தப் பழுதில் என் பெயருக்கென்று ஒரு அறை இருந்தது, அதை மேடையில் எப்படிச் சொல்வது என்று தெரியவில்லை.

போன ஞாயிற்றுக்கிழமை ஜமால் காக்கா வீட்டுக்குப் போனேன். வீட்டை விற்றுவிட்டு ரவுண்ட் ராக்கில் மகனோடு இருக்கப் போகிறார், அட்டைப்பெட்டிகளுக்கு நடுவே உட்கார்ந்திருந்தார். அவரே டீ போட்டார், நீ போன பிறகுதான் அவர் போடுகிற டீ வாயில் வைக்கிற மாதிரி ஆகியிருக்கிறது. பேச்சுவாக்கில், அந்த சூடான் பெண் முடித்தாளா என்று கேட்டார். அதற்கு மேல் என்னால் முடியவில்லை. மெயில், பதினொரு நாள், சரி என்று நான் சொன்னது, எல்லாவற்றையும் சொன்னேன். அழுதேன்தான். அவர் கப்பைக் கீழே வைத்தார்.

"அவளுக்குத் தெரியும், ஜரீனா."

எனக்கு விளங்கவில்லை, அவரே விளக்கினார். பெயர் நீக்கியதைச் சொல்லும் மெயில் டிபார்ட்மென்ட்டில் எல்லாருக்கும் போயிருக்கிறது. உனக்கும் வந்திருக்கிறது. படுக்கையிலேயே போனில் படித்திருக்கிறாய். நான் கஞ்சியோடு வருவதற்கு ஒரு வாரம் முன்பு.

"நான்தான் கோவப்பட்டேன்," என்றார் காக்கா. "'தெரிஞ்சுக்கிட்டே அவகிட்ட ஏன் கேட்டே'ன்னேன். 'கேட்டா சரின்னுதான் சொல்லுவா, சொல்லட்டும். சொன்ன பிறகாவது வெக்கப்பட்டு எதையாவது செய்வா. சும்மா விட்டா பேசிக்கிட்டே இருப்பா'ன்னா."

இந்த வாரம் முழுக்க அந்த மதியத்தைத் திரும்பத் திரும்பப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். நான் பொய் சொல்வதைப் பொய் என்று தெரிந்துகொண்டே நீ பார்த்துக்கொண்டிருந்தாய். என் மேல் உனக்கு எவ்வளவு வருத்தம் இருந்திருக்கும், அதற்கு மேல் எவ்வளவு அன்பு இருந்திருந்தால் அதைக் காட்டாமல் தலையை ஆட்டியிருப்பாய் என்று நினைக்கும்போது எனக்கு உன் மேல் கோபம்கூட வருகிறது. திட்டியிருக்கலாமே நீ. என் கையை விட்டிருக்கலாம்.

திங்கட்கிழமை வளைகுடாவுக்குப் போன் செய்தேன். ஒரு செமஸ்டர் முழுக்க நேரில் வந்து இருக்கிறேன், உன் ஆய்வகத்தில் வேலை செய்கிறேன், ஹனானை எனக்குக் கீழே மறுபடி சேர்க்க வேண்டும் என்றேன். மறுமுனையில் இருந்த இளைஞர் மிக மரியாதையானவர். சிறப்புப் பேராசிரியர் பதவியைத் தாராளமாகப் புதுப்பிக்கலாம், தாங்கள் சிரமப்பட்டு வர வேண்டியதில்லை என்றார். வரத்தான் விரும்புகிறேன் என்றேன். அப்படியானால் இரண்டு வார வருகைக்குப் படிவம் அனுப்புகிறேன் என்றார். முழு செமஸ்டர் என்றேன். அதற்குப் படிவம் இல்லை, விசாரித்துச் சொல்கிறேன் என்றார். மூன்று நாள் விசாரித்துவிட்டு, தற்காலிக ஆசிரியர் என்று ஒரு கீழ்ப்பதவி இருக்கிறது, தங்களுக்கு அது கௌரவமாக இருக்காதே என்று தயங்கினார். இருக்கட்டும் என்றேன். இந்த முறை இங்கே எல்லாவற்றையும் எழுதிக் கொடுத்துவிட்டு, பழையதையும் சேர்த்துத்தான், சம்பளமில்லாத விடுப்புக் கேட்டேன். என் டிபார்ட்மென்ட் தலைவி முகத்தைச் சுளித்தாள், பழையதற்கு இன்னும் விசாரணை இருக்கும் என்று எச்சரித்தாள், கடைசியில் கையெழுத்துப் போட்டாள்.

ஹனானைக் கூப்பிட்டு ஜனவரியில் வருகிறேன் என்றேன். அவள் சந்தோஷப்படவில்லை. எனக்கு அரபியும் அவளுக்குத் தமிழும் தெரியாது, நடுவில் இருக்கும் ஆங்கிலத்தில் அவள் பணிவாக ஒரு கேள்வி கேட்டாள்: இது நடக்கப்போவதா, அல்லது சும்மா சொல்கிறீர்களா? கேட்டுவிட்டு உடனே மன்னிப்பும் கேட்டாள். மன்னிப்புக் கேட்க வேண்டியது அவள் இல்லை என்று சொன்னேன். உன்னிடம் சொல்லியிருக்க வேண்டியதை அவளிடம் சொன்னேன், முழுக்க, பதினொரு நாள் உட்பட. எல்லாம் கேட்டுவிட்டு, கருவிக்கு இன்னும் வளையம் வேண்டியிருக்கும் என்றாள். எத்தனை, என்ன அளவு என்று எழுதிக்கொண்டேன்.

மெஷின் ஓடுமா, அவள் முடிப்பாளா, அந்த செமஸ்டருக்குப் பிறகு என்ன, எனக்குத் தெரியாது. எனக்கும் ஐம்பத்தாறு ஆகிறது, முழங்கால் வலிக்கிறது, இதற்கெல்லாம் தெம்பு இருக்கிறதா என்பதும் தெரியாது. நீ நம்பிக்கையோடு போனாய், அது நாலு வருடம் தாங்கியது. நான் நீ விட்டுப்போன வெட்கத்தோடு போகிறேன். அது எவ்வளவு நாள் தாங்கும் என்று பார்க்கிறேன்.